“இதுதான் என் முதல் நிலம்” என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: வழக்கறிஞர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. கோவையில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கையில் ₹5 லட்சம் சேமிப்பு உண்டு. நிலத்தில் போட்டுப் படிப்படியாக மேலே வரவேண்டும் என்று ஆசை. அன்னூர் பக்கம் ஒரு புரோக்கர் அண்ணன் பழக்கமானார். முதல் நாளே “இதுக்கு முன்னாடி எங்கெங்க முடிச்சிருக்கீங்க?” என்று கேட்டார். புதுசு என்று தெரிந்தால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள் என்று நண்பன் எச்சரித்திருந்தான். அதனால் “ரெண்டு மூணு இடம் கைமாத்தியிருக்கேன்” என்று சொல்லிவிட்டேன். அதை அவர் நிலத்துக்காரப் பெரியவரிடமும் சொல்லிவிட்டார்.

இடம் 32 சென்ட் புஞ்சை. சென்ட் ₹2,50,000 வீதம் மொத்தம் ₹80 லட்சம். ₹8 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து நாலு மாத அக்ரிமென்ட் போட்டுக்கொள்ளலாம், அதற்குள் வேறு பார்ட்டிக்குக் கைமாற்றிவிடலாம், ஆள் கிடைக்காவிட்டால் சைட்டாகப் பிரித்து விற்கலாம் என்கிறார் புரோக்கர். டோக்கன் ₹10,000 கொடுத்துவிட்டேன். அட்வான்ஸில் பாதியை ரொக்கமாகக் கேட்கிறார்கள். என்னுடன் வேலை செய்யும் இருவர் ஆளுக்கு ₹1,50,000 தருகிறார்கள். நான் அனுபவம் உள்ளவன் என்று நம்பித்தான் தருகிறார்கள். ரிட்டயர் ஆன சித்தப்பாவும் ₹5 லட்சம் தரத் தயாராக இருக்கிறார். அக்ரிமென்ட் என் பெயரில் மட்டும்தான். நிலம் கூட்டுப் பட்டாவில் இருக்கிறதாம். அதைப் பற்றி விவரம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. கேட்டால் புதுசு என்று தெரிந்துவிடும். இப்போது உண்மையைச் சொன்னால் இடம் போய்விடுமா? யாரிடம் எவ்வளவு சொல்ல வேண்டும்? பேப்பர் பார்க்க வக்கீலிடம் போகும்போதும் சொல்ல வேண்டுமா?
— ஒரு வாசகர், கோவை

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் நிலத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரு வரியைத்தான்: “கேட்டால் புதுசு என்று தெரிந்துவிடும்.” கூட்டுப் பட்டா என்று காதில் விழுந்த பிறகும், அதில் யார் யார் பெயர் இருக்கிறது என்று கேட்காமல் ₹8 லட்சத்தைக் கொடுக்கும் இடத்துக்கு வந்து நிற்கிறீர்கள். அந்தப் பொய்யால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதல் சேதம் உங்களுக்குத்தான் நடந்துகொண்டிருக்கிறது. நிலத்தில் புதிதாக இறங்குகிறவனுக்குப் பணபலம் கிடையாது, ஆள் பழக்கம் கிடையாது. “எனக்குத் தெரியாதுங்க, விளக்கமாச் சொல்லுங்க” என்று எதையும் கேட்கலாம் என்ற உரிமை ஒன்றுதான் உண்டு. அதை முதல் நாளே விட்டுக்கொடுத்துவிட்டீர்கள்.

உங்கள் நண்பர் சொன்னதை முழுப் பொய் என்று தள்ள மாட்டேன். புதிதாக வருகிறவரிடம் முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் விற்காமல் கிடக்கும் இடம்தான். வழித் தகராறு உள்ளது, பங்காளிகள் ஒத்துவராதது, கோர்ட்டில் கிடப்பது. ஆனால் அனுபவசாலி என்று சொல்லிக்கொண்ட உங்களுக்கு அவர் எதைக் காட்டியிருக்கிறார்? தனித்தனி எண்ணாகப் பிரிக்காத, அதாவது உட்பிரிவு ஆகாத, கூட்டுப் பட்டா நிலத்தை. புரோக்கர்களுக்கு இது அன்றாடத் தொழில். ஃபீல்டு மேப் கேட்கிறாரா, தாய்ப்பத்திரம், அதாவது உரிமைக்கு மூலமான பழைய பத்திரம், எந்த வருஷத்தில் தொடங்குகிறது என்று கேட்கிறாரா, நிலத்துக்காரரே எழுதித் தரும் நேர் கிரயமா, அவரிடம் அதிகாரம் வாங்கியவர் எழுதும் பவரா என்று கேட்கிறாரா என்று பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவார்கள். அந்தக் கேள்விகள் எதுவும் உங்களிடமிருந்து வந்ததாகக் கடிதத்தில் இல்லை. அவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். தெரிந்தும் அவர் சும்மா இருக்கிறார் என்றால், நீங்கள் சொன்னது அவருக்கு வசதியாக இருக்கிறது என்று அர்த்தம். “அனுபவம் உள்ள ஆள்தானே, நான் ஏன் விளக்க வேண்டும்?” என்று நாளைக்கு அவர் கையை விரிக்கலாம்.

கூட்டுப் பட்டாவுக்கு வருவோம். ஒரே பட்டா எண்ணில் பலர் பெயர் இருக்கும். அண்ணன் தம்பிகள் இருக்கலாம், அவர்கள் பிள்ளைகள் இருக்கலாம், பல வருஷம் முன்பு ஒரு பகுதியை வாங்கிய வெளி ஆளும் இருக்கலாம். பெரியவர் 32 சென்ட் தன்னுடையது என்கிறார். அது தரையில் எந்தப் பக்கம்? புலப்படத்தில், அதாவது ஃபீல்டு மேப்பில், தனி உட்பிரிவு எண் இல்லாதவரை வடபுறம் ரோட்டை ஒட்டியதா, உள்ளே வழியில்லாமல் கிடப்பதா என்று காகிதம் சொல்லாது. நடந்து காட்டியபோது அவர் கைநீட்டியதுதான் எல்லை. வண்டிப்பாதை இன்னொரு பங்காளியின் நிலத்தில் போகிறதா என்பதும் அளந்து பிரிக்கும்போதுதான் தெரியவரும்.

பட்டா வருவாய்த் துறைப் பதிவு. பட்டாவில் பெயர் இருப்பதால் மட்டும் நிலம் சொந்தமாகிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. உரிமை எங்கிருந்து வந்தது என்பதைத் தாய்ப்பத்திரம் சொல்ல வேண்டும், வாரிசு விவரம் சொல்ல வேண்டும், பாகப்பிரிவினைப் பத்திரம் சொல்ல வேண்டும். வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்து நிம்மதி அடைகிறவர்கள் நிறையப் பேர். பதிவு அலுவலகத்தில் பதிவானவை மட்டும்தான் அதில் வரும். பதிவாகாத உயில், குடும்பத்துக்குள் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டது, நடந்துகொண்டிருக்கும் வழக்கு, இறந்துபோன பங்காளியின் வாரிசுகள் இதெல்லாம் அதில் இல்லாமலே இருக்கலாம்.

நான் பார்க்கும் ஆவணங்களில் அடிக்கடி தட்டுப்படும் ஓட்டை, அக்கா தங்கைகளின் கையெழுத்து இல்லாமை. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-க்கு முன்பு திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்கு, மாநிலச் சட்டத் திருத்தத்தின் மூலம் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. 2005-ல் வந்த மத்தியத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்துக்கொண்டது. அந்த 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரிந்தோ விற்றோ முடிந்த சொத்துகளுக்கு விதிவிலக்கு உண்டு. உங்கள் பெரியவரின் நிலம் பூர்வீகமா, அவரே சம்பாதித்து வாங்கிய சுயார்ஜிதமா, பாகம் எப்போது பிரிந்தது என்பதைப் பொறுத்து முடிவு மாறும். ஊரில் சீர் செய்து அனுப்பிவிட்டோம், அவர்களுக்குப் பங்கில்லை என்பார்கள். அந்தப் பேச்சு கோர்ட்டில் செல்லாது.

இதற்கு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி மிகச் சாதாரணமானது. “ஐயா, உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க எத்தனை பேருங்க? அக்கா தங்கச்சி எங்க குடியிருக்காங்க?” புதிதாக வாங்க வந்த பையன் கேட்டால் பெரியவர் சாதாரணமாகச் சொல்லிவிடுவார். எல்லாம் தெரிந்தவராக நடிக்கிறவருக்கு இந்தக் கேள்வியே வாயில் வராது. இந்தத் தொழிலில் பெரிய பெரிய தகராறுகள் இப்படிப்பட்ட ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதில்தான் தொடங்குகின்றன.

அடுத்தது அந்த நாலு மாத அக்ரிமென்ட். கைமாற்றுகிற ஆட்கள் லாபம் பார்ப்பது உண்மைதான். அவர்களுக்குப் பின்னால் வாங்குகிற பார்ட்டிகள் வரிசையாக இருப்பார்கள், ஆள் தவறினால் தானே கிரயம் செய்துகொள்ளப் பணமும் இருக்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை. நாலு மாதத்தில் ஆள் வரவில்லை என்றால் மிச்சம் ₹72 லட்சம் நீங்கள் புரட்ட வேண்டும். ₹80 லட்சத்துக்குக் கிரயம் என்றால் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து ₹7,20,000 தனி. நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் ₹5 லட்சம் பதிவுச் செலவுக்கே போதாது. கெடு தாண்டினால் அட்வான்ஸ் திரும்ப வராது என்று ஒரு ஷரத்து அக்ரிமென்டில் பெரும்பாலும் இருக்கும், படித்துப் பாருங்கள்.

பெரியவர் மனம் மாறி வேறு ஆளுக்கு விற்கப் போகிறார் என்று வையுங்கள். அக்ரிமென்ட் படி எனக்கே கிரயம் செய்து தர வேண்டும் என்று நீங்கள் வழக்குப் போடலாம். அந்த வழக்கில் நீதிபதி முதலில் பார்ப்பது வாங்குகிறவர் தன் பங்கை நிறைவேற்றத் தயாராக இருந்தாரா, பணத்துக்கு வழி இருந்ததா என்பதை. பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பள விவரம், கடன் ஒப்புதல் எல்லாம் காட்ட வேண்டி வரும். இரண்டு மூன்று இடம் கைமாற்றியவர் என்று ஊரை நம்ப வைத்திருக்கலாம். எதிர்த்தரப்பு வக்கீல் கூண்டில் நிறுத்தி, “எந்தெந்த இடம், பத்திர எண் என்ன?” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அந்த இடத்தில் உங்கள் பேச்சு முழுவதும் நம்பிக்கை இழந்துபோகும்.

அக்ரிமென்டை முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம், பதிவு தேவையில்லை என்று சொல்வார்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து நிலம் விற்கும் ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதிவாகாத ஒப்பந்தத்தையும் கிரயம் கோரும் வழக்கில் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது வாஸ்தவம். ஆனால் பதிவாகாதது வில்லங்கத்தில் வராது. நடுவில் விவரம் தெரியாமல் இன்னொருவர் கிரயம் வாங்கிவிட்டால் அல்லாட வேண்டியது நீங்கள்தான். பாதி அட்வான்ஸை ரொக்கமாகக் கேட்பதற்கும் சம்மதிக்காதீர்கள். அசையாச் சொத்துக்காக ₹20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது, வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக விழலாம். பெரியவருக்கே இது தெரியாமல் இருக்கலாம், நீங்கள் சொன்னால் நன்றி சொல்வார்.

“ஆள் கிடைக்காவிட்டால் சைட்டாகப் பிரித்து விற்கலாம்” என்று அவர் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். புஞ்சை நிலத்தை மனையாக்க வேண்டுமானால் நில உபயோக மாற்றம் வேண்டும், நகர் ஊரமைப்புத் துறையின் மனைப்பிரிவு அங்கீகாரம் வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனையைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு பதிய விடாது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவானவற்றுக்குத்தான் விலக்கு. அதோடு 500 சதுர மீட்டருக்கு மேல் உள்ள நிலத்தை மனைகளாக்கி விற்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவு செய்ய வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது 12 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். உங்கள் 32 சென்ட் கிட்டத்தட்ட 1,295 சதுர மீட்டர். நாலு மாதத்தில், அதுவும் இன்னொருவர் பெயரில் இருக்கும் நிலத்தில், இதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. “நான் புதுசு, சைட் பிரிக்க என்னென்ன செய்யணும்னு சொல்லுங்க” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே அவர் பேச்சு நின்றிருக்கும்.

இனி உங்கள் கூட்டாளிகள். கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த இடம் இது. புரோக்கரிடம் சொன்ன பொய் உங்கள் பணத்தை அபாயத்தில் வைக்கிறது. உடன் வேலை செய்கிறவர்களிடம் அதே பொய் போனதும் அது அவர்கள் குடும்பத்துப் பணத்தை அபாயத்தில் வைக்கிறது. ஆளுக்கு ₹1,50,000 என்பது அவர்கள் எத்தனை வருஷம் சிறுகச் சேர்த்ததோ.

சட்டத்திலும் இதற்குப் பெரிய வேறுபாடு இருக்கிறது. உண்மையைச் சொல்லி, அபாயத்தை விளக்கி, மூன்று பேரும் சேர்ந்து இறங்கி நஷ்டம் வந்தால் அது நஷ்டம். மனக்கசப்பு வரும், கணக்குத் தகராறு வரும், சிவில் கோர்ட்டோடு முடியும். இல்லாத அனுபவத்தை இருப்பதாகச் சொல்லி, அதை நம்பி அவர்கள் பணம் கொடுத்திருந்தால் அது வேறு விவகாரம். தவறான தகவலால் பெற்ற சம்மதத்தை ரத்து செய்ய ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் மேலே, ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதுதான் மோசடி வழக்கில் பார்க்கப்படும் மையக் கேள்வி. உங்களுக்கு அந்த எண்ணம் இல்லை, எனக்குப் புரிகிறது. பணம் போன வேதனையில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறவருக்கு, “ரெண்டு மூணு இடம் கைமாத்தியிருக்கேன்னு சொல்லித்தான் வாங்கினாருங்க” என்ற ஒரு வரி போதும். அந்த வரி உண்மையாகவும் இருக்கும்.

அக்ரிமென்ட் உங்கள் பெயரில் மட்டும் என்பதும் சரியில்லை. நாளைக்குக் கிரயமும் இப்படியே முடிந்தால், பணம் கொடுத்தவர் ஒருவர், சொத்து வேறொருவர் பெயரில், பலன் கொடுத்தவருக்கு என்ற நிலை வரும். 2016-ல் கடுமையாக்கப்பட்ட பினாமிச் சட்டம் விவரிப்பதே இதைத்தான். மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்குவதற்கும், கூடப்பிறந்தவர்கள், பெற்றோர் ஆகியோருடன் கூட்டுப் பெயரில் வாங்குவதற்கும் நிபந்தனையோடு விலக்கு இருக்கிறது. உடன் வேலை செய்கிறவர்களுக்கும் சித்தப்பாவுக்கும் அந்த விலக்கு கிடையாது. நிரூபணமானால் ஒரு வருஷம் முதல் ஏழு வருஷம் வரை கடுங்காவல் தண்டனை, சொத்து பறிமுதல். பணம் போடும் எல்லோருடைய பெயரும் பங்கு விவரத்தோடு பத்திரத்தில் இருக்க வேண்டும், அவரவர் பணம் அவரவர் பேங்க் கணக்கிலிருந்து போக வேண்டும். “மாசம் இவ்வளவு தர்றேன்” என்று வட்டி மாதிரி எதையும் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அது பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கியதாகப் பார்க்கப்பட்டால் 1997-ன் தமிழ்நாட்டுச் சட்டமும் 2019-ன் மத்தியச் சட்டமும் குறுக்கே வரும்.

ஆகவே இந்த வாரமே அந்த இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். “நான் இதுவரைக்கும் நிலம் எதுவும் வாங்கினதுமில்ல, வித்ததுமில்ல. புரோக்கர் கேட்டப்ப வாய் தவறிச் சொன்னதுதான் உங்க வரைக்கும் வந்துருச்சு. இது எனக்கு முதல் தடவை. அட்வான்ஸ் மொத்தமும் போகக்கூடிய வாய்ப்பு இருக்கு. உங்களுக்கு வேண்டாம்னா ஒண்ணும் இல்ல.” சொன்ன பிறகு வாட்ஸ்அப்பிலும் இதே விவரத்தை எழுதி அனுப்புங்கள். கொஞ்ச நாள் கேலி பேசுவார்கள், பேசட்டும். பணம் ஏற்கெனவே கைக்கு வந்திருந்தால், அவர்கள் கேட்பதற்கு முன் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். பணம் உங்களிடம் இருக்கும்போது அவர்களால் மனம்விட்டு வேண்டாம் என்று சொல்ல முடியாது.

சித்தப்பாவின் பணத்தை இந்த முறை தொடவே கூடாது. அவர் எல்லாம் தெரிந்தே தருகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். ரிட்டயர் ஆனவருக்கு அந்தப் பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கக் காலம் இல்லை. “இருக்கட்டும் சித்தப்பா, முதல் இடத்தை என் பணத்துல முடிச்சுட்டு வர்றேன்” என்று சொல்லுங்கள். அவர் பெருமைப்படுவார்.

பெரியவரிடம் என்ன சொல்வது என்று நீங்கள் தனியாகக் கேட்கவில்லை. ஆனால் அவருக்கும் உண்மை போய்ச் சேர வேண்டும். நிலத்தை விற்கிறவர் பொதுவாக ஏதோ ஒரு தேவைக்காகத்தான் விற்கிறார். பேத்தி கல்யாணமோ, கடனோ, ஆஸ்பத்திரிச் செலவோ இருக்கும். நாலு மாதத்தில் ₹72 லட்சம் வரும் என்று நம்பி அவர் வேறு இடத்தில் வாக்குக் கொடுத்துவிட்டால், நீங்கள் பின்வாங்கும்போது அவர் நடுத்தெருவில் நிற்பார். கைமாற்றுவதுதான் உங்கள் நோக்கம் என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி, “தாங்களோ தாங்கள் குறிப்பிடும் நபரோ கிரயம் பெற்றுக்கொள்ள” என்ற வாசகத்தை அக்ரிமென்டில் போட்டுக்கொள்வது முறை. அதற்கு ஒத்துக்கொள்ளும் நிலத்துக்காரர்கள் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதவரிடம் மறைத்துச் செய்தால் கடைசி நாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நிற்பார், அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

புரோக்கரிடம் சொல்ல வேண்டியதை நேரிலேயே சொல்லுங்கள், போன் வேண்டாம். “அண்ணா, அன்னைக்கு நான் சொன்னது சரியில்லைங்க. இதுதான் எனக்கு முதல் இடம். பேப்பர் எல்லாம் பார்க்காம அட்வான்ஸ் போட மாட்டேன். தாய்ப்பத்திரம், வில்லங்கம், ஃபீல்டு மேப், வாரிசு விவரம் காப்பி வேணும். உங்க கமிஷன் எவ்வளவு, அந்தப் பக்கம் வாங்கறீங்களான்னும் சொல்லிடுங்க.” இவ்வளவுதான். சமாதானமோ காரணமோ சேர்க்க வேண்டாம். நல்ல புரோக்கராக இருந்தால் கொஞ்சம் சலித்துக்கொண்டாவது காகிதத்தைக் கொண்டுவந்து தருவார், ஏனென்றால் விவரமாகக் கேட்டுச் செய்கிற பார்ட்டி அடுத்த இடத்துக்கும் அவரிடமே வருவார். “அதெல்லாம் பார்த்துட்டு இருந்தா இடம் போயிரும், நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க” என்று அவசரப்படுத்தினால், இடம் போகட்டும். ₹10,000 டோக்கனைத் திருப்பிக் கேளுங்கள். வரவில்லை என்றாலும் அதற்காக ₹8 லட்சத்தை இறக்கிவிடாதீர்கள்.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். அனுபவம் இல்லை என்று சொல்வதும் சட்டைப்பையைத் திறந்து காட்டுவதும் வேறு வேறு. அதிகபட்சம் எவ்வளவு கொடுப்பீர்கள், எவ்வளவு சேமிப்பு இருக்கிறது, எவ்வளவு அவசரம் என்பதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை. கேட்டால், “அது பேப்பர் பார்த்த பிறகு பேசலாங்க” என்று சொல்லிவிடலாம். பொதுவாக வாய்மூடி இருப்பதை ஒப்பந்தச் சட்டமும் மோசடி என்று சொல்வதில்லை, பேசியே ஆக வேண்டிய கடமை இருக்கும் இடங்கள் தனி. கூட்டாளிகள் விஷயம் அப்படிப்பட்டது, அங்கே மௌனம் கூடாது. புரோக்கரிடமும் விற்கிறவரிடமும் உங்கள் விலை வரம்பைப் பற்றித் தாராளமாக மௌனமாக இருக்கலாம்.

இடம் போய்விடுமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: அநேகமாகப் போகும், இந்த இடம் போவதே நல்லது என்றும் நினைக்கிறேன். ₹5 லட்சம் உள்ளவர் ₹80 லட்சம் நிலத்தில் தொடங்க வேண்டாம். உங்கள் பட்ஜெட்டுக்குள் பதிவுச் செலவு, வக்கீல் செலவு, சர்வேயர் செலவு எல்லாம் சேர்த்து அடங்குகிற அங்கீகரித்த மனை ஒன்று, ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்தாலும், உங்கள் பெயரில் நேர் கிரயமாக முடியட்டும். சீக்கிரம் லாபம் வராது. ஆனால் தாய்ப்பத்திரத்தில் தொடங்கி உங்கள் பெயருக்குத் தனிப் பட்டா வரும்வரை ஒருமுறை முழுவதுமாக நடந்து பார்த்திருப்பீர்கள்.

அதுவரை செலவில்லாமல் கற்றுக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். பதிவுத் துறையின் இணையதளத்தில் எந்த சர்வே எண்ணுக்கும் வில்லங்க விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம். அன்னூர் பக்கம் உங்களுக்குப் பிடித்த கிராமத்தில் சில சர்வே எண்களை எடுத்துக்கொண்டு படியுங்கள். யார் யாருக்கு எப்போது விற்றார், எங்கே அடமானம் வந்தது, எப்போது ரத்தானது, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் எத்தனை பேர் கையெழுத்து என்று ஒரு குடும்பத்தின் கதையே அதில் இருக்கும். கைமாற்றுத் தொகை என்று ஒரு பத்தி இருக்கும். பத்திரத்தில் காட்டிய விலை அது, கைக்குக் கை போனது கூடுதலாக இருக்கலாம், இருந்தாலும் விலை எப்படி ஏறி வந்திருக்கிறது என்று ஒரு அந்தாஜ் கிடைக்கும். அதே சர்வே எண்ணுக்குப் பட்டாவையும் நிலத்தின் வகையைக் காட்டும் ‘அ’ பதிவேட்டையும் வருவாய்த் துறைத் தளத்தில் பாருங்கள். புறம்போக்கா, கோயில் நிலமா, 1892-க்குப் பிறகு ஆதிதிராவிட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்பதற்கு முதல் தடயம் அங்கேதான் கிடைக்கும். அந்த மக்களுக்குரிய நிலத்தை வெளியார் வாங்கக் கூடாது, வாங்கினாலும் நிலைக்காது.

கடைசியாக, வக்கீலிடம் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். முதல் வார்த்தையாக அதைத்தான் சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர் போல உட்கார்ந்தால் நாங்கள் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவோம். முதல் முறை வாங்குகிறேன் என்றால் ஒவ்வொரு பத்திரமாக எடுத்து எதற்கு என்று விளக்குவோம். புரோக்கர் சொல்லும் வக்கீலிடமோ, விற்கிறவர் தரப்பில் பத்திரம் பார்த்தவரிடமோ போகாமல், அன்னூர் பதிவு எல்லையில் வேலை பார்க்கும் ஒருவரை நீங்களாகத் தேடிக்கொள்ளுங்கள். கட்டணத்தை நீங்களே கொடுங்கள். கருத்தை எழுத்தில் வாங்குங்கள். புரோக்கரிடம் நீங்கள் சொன்னதையும், இருவரிடம் பணம் பேசியதையும், டோக்கன் கொடுத்ததையும் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். டோக்கனுக்கு ரசீது வாங்கவில்லை என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அவர் வெளியே சொல்ல முடியாது, சட்டமே அவர் வாயைக் கட்டியிருக்கிறது.